யோர்தானா விட்டுப்போன ஏழு கோழிகள்

கோழி வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது, தம்பி. பொழுது சாயும் நேரத்தில் கூண்டுக் கதவைச் சாத்த ஒரு ஆள் இருந்தால் போதும். தீனி தாமதமானால் கோழி பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் உறைந்துபோனால் பனியைக் கொத்தித் தாகம் தீர்த்துக்கொள்ளும். ஆனால் கதவைச் சாத்த ஒரு நாள் மறந்தால், மறுநாள் காலையில் பொறுக்குவதற்கு இறகுதான் மிஞ்சும். மரநாய் வேலிக்கு அந்தப் பக்கம் அதற்காகத்தான் காத்துக் கிடக்கிறது. நேற்று மாலை யார் சாத்தினார்கள்? உங்கள் ஆள் ஒருவர் சாத்தினாரா? தாழ்ப்பாளைப் போட்டபின் ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது பாதியில் நிற்கும்.

நீங்கள் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர் என்று பார்த்தாலே தெரிகிறது. அன்று என் முற்றத்துக்குள் நுழைந்தபோது பாஷாவைக் கண்டு ஓரடி பின்னால் வைத்தீர்களே, கவனித்தேன். பாஷா என் சேவல். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவான், கிட்டே போனால் ஓடிவிடுவான். போலீஸ்காரர் ஒருவரைப் பயமுறுத்திவிட்டோம் என்ற கர்வம் அவனுக்கு இன்னும் தீர்ந்திருக்காது. சரி, அந்தப் பதிவுக் கருவி ஓடுகிறதா? முதலில் இருந்து சொல்லுங்கள் என்றீர்கள். முதல் என்றால் யோர்தானாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

யோர்தானா என் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பேரும் ஒரே கோழிப்பண்ணையில் வேலை பார்த்தோம். அவள் முட்டை அடுக்கும் பிரிவில், நான் அறுக்கும் பிரிவில். பண்ணை அரசாங்கத்துடையதாக இருந்தபோது சேர்ந்தோம், அதை இழுத்து மூடும்வரை இருந்தோம். கொக்கியில் தலைகீழாக என் முன்னால் வரும் கோழி ஒவ்வொன்றும் ஒரே இழுப்பில் போய்ச் சேரும். பாதி உயிரோடு ஒன்றுகூட என்னைத் தாண்டிப் போனதில்லை. புதிதாக வரும் பெண்களை மேற்பார்வையாளர் என்னிடம் கூட்டிவந்து, திமானாவின் கையைப் பார்த்துப் படியுங்கள் என்பார். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கணவன்மார் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு இரண்டு: மகன் லூபென் வார்னா துறைமுக நகரத்தில், மகள் ஸ்பெயினில். எங்கள் வீடுகளுக்கு நடுவில் கம்பிவேலி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி வெட்டி வைத்திருந்தோம். காலைக் காபி அவள் வீட்டில், மாலைக் காபி என் வீட்டில். என்னிடம் பாஷாவும் இரண்டு கிழட்டுக் கோழிகளும் உண்டு. அவளிடம் ஏழு கோழிகள். ஏழுக்கும் தன் நாத்தனார்மார் பெயரை வைத்திருந்தாள். “இவளுங்களையாவது ராத்திரியில கூண்டுல போட்டு அடைக்கலாமில்ல” என்பாள். கீனா என்பது மூத்த நாத்தனார் பெயர். அந்தக் கோழியும் அப்படித்தான். எந்தத் தட்டில் தீனி வைத்தாலும் முதலில் நுழைவது கீனாவின் மூக்காக இருக்கும்.

குளிர்காலம் வந்தால் யோர்தானா மகளிடம் போய்விடுவாள். குடமிளகாயைச் சுட்டு ஜாடியில் அடைத்து, முட்டைக்கோஸைப் பீப்பாயில் ஊறப்போட்ட கையோடு கிளம்புவாள். மார்ச் முதல் தேதிக்கு முன்னால் திரும்பிவிடுவாள். அன்றைக்குத்தானே வசந்தத்தை வரவேற்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூலை ஒருவர் கையில் ஒருவர் கட்டுவோம். எனக்குக் கட்டிவிட்டு மிச்சத்தைக் கூண்டுக் கதவில் கட்டுவாள். அதுவரைக்கும் கோழிகள் என் பொறுப்பு.

பொறுப்பு என்றால் சும்மா இல்லை. விடிந்ததும் வெந்நீர் கொண்டுபோய்த் தொட்டியில் உறைந்ததை உருக்க வேண்டும். கடுங்குளிர் நாளில் கொண்டைக்குப் பன்றிக்கொழுப்புத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துப்போய் உதிரும். சாம்பலும் மணலும் கலந்து ஒரு பெட்டியில் வைக்க வேண்டும், அதில் புரண்டுதான் பேனைப் போக்கிக்கொள்ளும். முட்டை ஓட்டை நன்றாக நுணுக்கிப் போட வேண்டும். முழுசாகப் போட்டால் தான் இட்ட முட்டையையே உடைத்துக் குடிக்கப் பழகிவிடும். எல்லாவற்றையும்விட, ஒரு கோழிமேல் ரத்தம் தெரிந்தால் உடனே அதைத் தனியாக எடுத்துவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாது. நேற்றுவரை ஒட்டி உட்கார்ந்து தூங்கியவைதான், குடலை உருவும்வரை கொத்திக்கொண்டே இருக்கும். கோபத்தில் செய்வதில்லை. அவற்றால் நிறுத்த முடியாது, அவ்வளவுதான்.

மார்ச்சில் திரும்பி வந்ததும் யோர்தானா பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேராகக் கூண்டுக்கு வருவாள். பெயர் சொல்லி ஒவ்வொன்றாக எண்ணுவாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு வருஷமும் குறைந்ததில்லை. எண்ணி முடித்ததும், “ஒன்கிட்ட விட்டா பேங்க்ல போட்ட மாதிரிடி” என்று என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். அப்புறம் ஆளுக்கொரு கிளாஸ் பிளம் சாராயம். அந்த ஒரு தட்டுக்காக நான் குளிர்காலம் முழுக்கக் காத்திருப்பேன் என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

போன இலையுதிர்காலத்தில் அவளுடைய சேவலை மரநாய் கொண்டுபோய்விட்டது. அன்று கதவைச் சாத்த மறந்தது அவள்தான், நான் இல்லை. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வசந்தத்தில் புதுச் சேவல் வாங்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றாள். ஊருக்குக் கிளம்பிய அன்று கூண்டுச் சாவியை வழக்கம்போல ஆணியில் மாட்டாமல் என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். கண் கலங்கியிருந்தது. வயதாகிறது, பயணம் என்றால் பயம் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் அதட்டி அனுப்பினேன்.

ஜனவரியில், சேவல் நாளுக்கு முந்தின நாள், லூபென் வந்து இறங்கினான். சேவல் நாளைப் பற்றி ராஸ்கிராத்துக்காரரான உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் நெற்றியிலும் சின்ன வயதில் ரத்தப் பொட்டு வைத்திருப்பார்கள். ஆண்பிள்ளை இருக்கும் வீட்டில் காலையிலேயே வாசலில் சேவல் அறுத்து, ரத்தத்தை வெளிக்கதவில் பூசி, இறகைச் செருகிவைப்பார்கள். கறியைக் கோதுமையோடு வேகவைத்து, ரொட்டியும் சேர்த்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். பிள்ளைக்கு நோய்நொடி வராது என்று நம்பிக்கை. எங்கள் ஊரில் இப்போது பிள்ளைகளே அருகிவிட்டார்கள். எல்லோரும் வெளிநாட்டில். அதனால் ஒரு கதவில் ரத்தம் இருந்தால் ஊரே வந்து பார்த்துச் சந்தோஷப்படும்.

லூபெனைக் கெட்டவன் என்று நான் சொல்லவே மாட்டேன். நாற்பதைத் தாண்டியவன், ஒல்லி, துறைமுகத்தில் ஏதோ அலுவலகத்தில் வேலை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. அவர்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்பதால் என் வீட்டில் சாப்பிட வைத்தேன். பீன்ஸ் சூப்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டான். ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னான்.

“அத்தை, அம்மா இனிமே வரமாட்டாங்க. வீட்ட வித்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். கோழிங்கள அறுத்து ஜாடியில அடைச்சு எடுத்துக்கிட்டு, வீட்டப் பூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

உன் அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்றேன். அவன் உடனே செல்போனில் கூப்பிட்டு என் காதில் வைத்தான். பேரப்பிள்ளைகள் கத்துகிற சத்தத்துக்கு நடுவில் யோர்தானாவின் குரல்.

“அடியே திமானா, கோவிச்சுக்காதடி. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. எங்க வீட்டுக் கோழிங்களப் பாத்துப் பாத்து ஒனக்கும் முதுகு போச்சு. இனிமேலாச்சும் நிம்மதியா இரு. ஒனக்கு ரெண்டு ஜாடி குடுக்கச் சொல்லியிருக்கேன்.”

இரண்டு ஜாடி. வலித்தது, தம்பி. இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் என்னமோ எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னாள், அதுதான் இன்னும் வலித்தது. சத்தம் சரியாகக் கேட்கவில்லை, மார்ச்சில் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். லூபென் என்னைப் பாவம் என்பதுபோலப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தட்டுகளை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

காலையில் வெந்நீர் எடுத்துக்கொண்டு வேலி வழியாகப் போனேன். தெருவில் அங்கங்கே சேவல்கள் கத்திக்கொண்டிருந்தன. பிடிபட்ட சேவல் கத்துவது எனக்குத் தனியாகத் தெரியும். பண்டிகைக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகளின் கூச்சலும் சேர்ந்துகொண்டது. லூபென் கூண்டு வாசலில் நின்று, கோழி அறுப்பது எப்படி என்று செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்காதீர்கள், நான் சிரிக்கவில்லை. கையில் இருந்தது அவன் அம்மாவின் ரொட்டிக் கத்தி, பல் வைத்தது. அதை வைத்துக் கோழியை அறுக்க முடியாது, ராவத்தான் முடியும். என்னிடம் கேட்டிருந்தால் நல்ல கத்தி கொடுத்திருப்பேன். கேட்டிருந்தால் என்று சொல்கிறேன்.

கீனா தானாகவே அவன் காலடிக்கு வந்தது. கை நீண்டால் தீனி என்றுதான் அதற்குத் தெரியும். ஒற்றைக் காலைப் பிடித்துத் தூக்கினான். இறக்கையை ஒடுக்கவில்லை, தலையைப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியை இழுத்தான். மறுபடி இழுத்தான். கழுத்து பாதிதான் அறுந்தது. அது இறக்கையால் அவன் முகத்தில் அறைந்ததும் பயந்துபோய்க் கையை விட்டுவிட்டான். கீனா தலை ஒரு பக்கம் தொங்க, பனிமேல் ரத்தத்தை விசிறிக்கொண்டு வட்டமாக ஓடியது. நான் சொன்னேன் அல்லவா, மற்ற ஆறும் துரத்தின. ஒன்று தொங்குகிற தலையைக் கவ்வி இழுத்தது. வெந்நீரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்க் கீனாவைப் பிடித்தேன். முழங்காலுக்கு நடுவில் அழுத்தி ஒரே திருகில் முடித்தேன். என் மடியெல்லாம் சூடாக நனைந்தது. பாதியில் விட்ட உயிரைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

லூபென் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்தான். பிறகு மண்டியிட்டு, பனியை அள்ளி அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவினான். விறகு பிளக்கும் கட்டையில் கோடரி செருகியிருந்தது. அதை எடுத்துப் பின்புறத்தால் அவன் தலையில் அடித்தேன்.

முதல் அடி சரியாக விழவில்லை. கோடரி எனக்குப் பழகிய கருவி இல்லை, வயதும் ஒரு காரணம். காதுக்கு மேலே எலும்பு உள்ளே இறங்கிய சத்தம் கேட்டது. ஆனாலும் எழுந்துவிட்டான். ஒரு கண் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டது. தள்ளாடித் தள்ளாடி வெளிக்கதவுக்கு ஓடினான். யோர்தானா வீட்டுக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கினால்தான் தாழ் விடும். ஊரைவிட்டுப் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, அவனுக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு கையாலும் அடித்தான், தோளால் மோதினான். பலகையெல்லாம் ரத்தம். கத்தினான் என்றுதான் நினைக்கிறேன். தெருவில் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒன்று கத்திக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

நான் ஓடவில்லை. ஓடினால் கோழி மிரளும். “அசையாதப்பா, ஒண்ணுமில்ல, இப்ப ஆயிடும்” என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் திரும்பிப் பார்த்து “அத்தை” என்றான். முடியைப் பிடித்துத் தலையைக் கதவோடு சாய்த்தேன். இந்தத் தடவை கூர்ப்பக்கம், கழுத்தில். முதல் வெட்டு எலும்பில் நின்றது. இன்னொன்று போட வேண்டியிருந்தது. குளிரில் ரத்தத்திலிருந்து ஆவி கிளம்பியது. கால்கள் கொஞ்ச நேரம் உதைத்துக்கொண்டன, அதுவும் வழக்கம்தான். அடங்கும்வரை அவன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தனியாக விடவில்லை.

அதற்குள் கோழிகள் வந்து சிவந்த பனியைக் கொத்த ஆரம்பித்திருந்தன. ஒன்று அவன் காதருகே போய் நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. முதல் வேலையாக ஆறையும் கூண்டுக்குள் ஓட்டிக் கதவைச் சாத்தினேன். ரத்த ருசி பழகிவிட்டால் அப்புறம் அந்தக் கூட்டத்தைத் திருத்த முடியாது.

திரும்பி வந்து பார்த்தபோதுதான் கதவுக்கு அடியில் வழிந்து தெருப்பக்கம் போயிருந்தது தெரிந்தது. தெருவில் மிதித்துக் கெட்டிப்பட்ட பனி, அதில் சிவப்பாக ஒரு ஓடை. மறைக்க வழியில்லை. அன்று என்ன நாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனைத் தள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு கையிலும் ரத்தத்தை வழித்தேன். கீனாவையும் எடுத்துக்கொண்டு வெளியே போய், கதவை இழுத்து மூடி, வெளிப்பலகையில் நன்றாகப் பூசினேன். கீனாவின் இறகுகளைப் பிடுங்கி இடுக்கில் செருகினேன். செருகிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரி கேரா வந்துவிட்டாள். ஒரு கையில் ரொட்டிக்கூடை, இன்னொரு கையில் பேரன்.

“யோர்தானா வீட்டுக் கதவுலயா ரத்தம்? அங்க ஏதுடி ஆம்பளப்புள்ள?”

லூபென் வந்திருக்கிறான் என்றேன். கேரா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“தலை நரைச்ச புள்ளைக்கா சேவல் அறுத்தீங்க? சரி விடு, பெத்தவளுக்கு எப்பவும் புள்ளதானே. எங்க ஆளக் காணோம்?”

இரவு சாராயம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, தூங்குகிறான் என்றேன். அவன் எனக்குப் பின்னால், கதவுக்கு அந்தப் பக்கம், ஓரடி தூரத்தில்தான் கிடந்தான். கேரா பேரனின் தொப்பியைத் தூக்கி, கதவில் விரலைத் தொட்டு அவன் நெற்றியில் பொட்டு வைத்தாள். ரெண்டு பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும் என்றாள். நானும் அப்படியே ஆகட்டும் என்றேன். வேறென்ன சொல்வது?

மற்றது உங்களுக்குத் தெரியும். ஜனவரியில் நிலம் கல்லாக இறுகிக் கிடக்கும், மண்வெட்டி இறங்காது. கூண்டுக்குப் பின்னால் இருக்கும் எருக்குவியல் மட்டும் உறையாது. எச்சமும் வைக்கோலும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அதில் வைத்தேன். பண்ணையில் கோழிப் பெட்டி தூக்கிய உடம்பு இது, அவனும் கனமில்லை. முகத்தின்மேல் அவன் அம்மாவின் பழைய மேசைவிரிப்பைப் போட்டுத்தான் மூடினேன். எருவை அப்படியே முகத்தில் கொட்ட மனம் வரவில்லை.

கதவில் ரத்தம் பூசிவிட்டால் கறி கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு வரும். கீனாவைச் சுத்தம் செய்து, கோதுமையோடு வேகவைத்து, சேவல் கறி என்று வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கேதான் என் கை என்னைக் காட்டிக்கொடுத்தது. முட்டையிடுகிற கோழியின் வயிற்றுக்குள் இன்னும் ஓடு கட்டாத மஞ்சள் கருக்கள் கொத்தாக இருக்கும். யோர்தானாவுக்கு அது உயிர். வயதான கோழி எதையாவது அடித்தால் அந்தக் கொத்தைப் பிரித்துச் சாற்றில் போட்டு, அவள் தட்டில் வைப்பது என் வழக்கம். அன்றும் நினைப்பில்லாமல் போட்டிருக்கிறேன். சாப்பிட அவள் இல்லை. அது கேராவின் கிண்ணத்துக்குப் போய்விட்டது.

கேரா வாய் சும்மா இருக்குமா? லூபென் அறுத்த சேவல் முட்டை வைத்திருந்தது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். நகரத்துக்குப் போனால் சேவலையும் கோழியையும்கூடப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போய்விடும் என்று ஊரே அவனைக் கேலி செய்தது. அவன் மறுநாளே வார்னாவுக்குக் கிளம்பிவிட்டான் என்று சொல்லி நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவனுடைய செல்போன் என்னிடம்தான் இருந்தது. கோழிகள் முட்டையிடும் பெட்டியில் வைக்கோலுக்கு அடியில் வைத்திருந்தேன். அடிக்கும்போதெல்லாம் திரையில் யோர்தானாவின் படம் வரும், தொப்பி போட்டுக் கடற்கரையில் நிற்பாள். எனக்கு எடுத்துப் பேசத் தெரியாமல் இல்லை. எடுத்தால் லூபென் எங்கே என்றுதான் கேட்பாள். நீ எப்படி இருக்கிறாய் திமானா என்று கேட்கப் போவதில்லை. அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுவேன். பிறகு அதில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கடைசியில் அவள் கேராவின் கடைக்குப் பேசியிருக்கிறாள். கேரா முட்டை வைத்த சேவல் கதையைச் சொல்லியிருக்கிறாள். யோர்தானா சிரிக்கவில்லையாம்.

“எங்க வீட்ல சேவலே இல்லையே கேரா” என்றாளாம்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று ஆறு கோழிகளும் எருக்குவியலில் ஏறி ஒரே இடத்தைக் கிளறிக்கொண்டிருந்தன. உங்கள் ஆள் ஒருவர் மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

பாஷாவை அறுத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சரியான கேள்வி. என் சேவலை எடுத்துத்தான் லூபெனுக்காக அறுத்தேன் என்று சொல்லியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. கேரா போன பிறகு பாஷாவைப் பிடித்து மடியில்கூட வைத்துக்கொண்டேன். அவன் நெஞ்சு படபடவென்று அடித்தது. என்னால் முடியவில்லை. ஒரு பாவமும் அறியாத பிராணியை என் வசதிக்காகக் கொல்வதா? அப்படிப்பட்டவள் இல்லை நான். ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பாதியில் விடுவது எனக்கு ஆகாது, சொல்லிவிடுகிறேன். லூபென் மண்டியிட்டுப் பனியில் கை கழுவிக்கொண்டிருந்தான் என்றேன் அல்லவா? அப்போது ஒன்று சொன்னான். அழுதுகொண்டே சொன்னான்.

“என்னால முடியல அத்தை. மிச்ச ஆறையும் நீங்களே வச்சுக்குங்க. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அவன் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் நான் கோடரியை எடுத்தேன்.

கோழிகளைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நேற்று சொன்னேன், ஆமாம். இன்றும் அதைத்தான் சொல்கிறேன். அப்படி முறைக்காதீர்கள். வைத்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம், யோசித்துப் பாருங்கள். திருப்பி வாங்க ஆள் வரமாட்டாள் என்று அர்த்தம். யாரும் வந்து பெயர் சொல்லி எண்ணாத கோழிகளுக்கு நான் எதற்காக விடிந்ததும் எழுந்து வெந்நீர் வைக்க வேண்டும்? அந்த நேரத்தில் இத்தனையும் யோசித்தேனா என்றால், தெரியவில்லை. அவன் கழுத்து குனிந்திருந்தது, கோடரி பக்கத்தில் இருந்தது. பேரப்பிள்ளைகளை விட்டு வர மனசில்லாதவள், மகனுக்கு ஒன்று ஆனால் தவிர, வேறு எதற்குத்தான் கிளம்பி வருவாள், நீங்களே சொல்லுங்கள்.

வந்துவிட்டாள் என்றீர்களே. மகளோடு நேற்றே வந்து இறங்கிவிட்டாளாம். மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது, இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். என்னைப் பார்க்க இப்போதைக்கு அவளுக்கு மனம் இருக்காது. புரிகிறது, கோபம் தணியக் கொஞ்ச நாள் ஆகும். பெட்டியை வாசலில் போட்டுவிட்டுக் கூண்டுக்குப் போயிருப்பாள், பெயர் சொல்லி எண்ணியிருப்பாள். நீங்கள் அவளைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், தம்பி. சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது. ஏழில் ஒன்று குறையும், கீனா. அதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. அது அவள் மகன் செய்தது.